தருமச் சொத்தும் பாதிரிமாரும்

விக்டோரியா மகாராணியார் இங்கிலாந்தை ஆண்டது 1837 முதல் 1901 வரை. ஒழுக்கத்திற்குப் பெயர்போன காலம் என்று சரித்திர ஆசிரியர் பலர் அதனைக் கூறுவர். ஞாயிற்றுக்கிழமையில் கடைகள் அடைபட்டிருக்கும். குடும்பங்கள் நல்லுடை உடுத்துத் தேவாலயம் செல்லும். மாலையில் வீட்டுத் தலைவர் வேதம் வாசிக்க, மனைவி மக்களும் ஏவலரும் முழந்தாளிட்டுக் கேட்பர். இவ்வளவு கட்டுப்பாடு நிலவிய காலத்திலேதான் இங்கிலாந்துத் திருச்சபையின் குருமார் சிலர்மீது பெரும்பழிகள் எழுந்தன; நாடு முழுவதும் அவற்றைப் பேசிற்று. இன்று அவற்றை எடுத்து ஆராய்வானேன்? பிறர் சமயத்தின் புண்ணைக் கிளறி மகிழ்வதற்கன்று. பழி எங்ஙனம் பிறக்கின்றது, எது பழியென்று பேசப்படுகின்றது, எது பேசப்படாமலே கிடக்கின்றது என்பவற்றை அறிவதற்கு அக்காலத்து இங்கிலாந்து நல்லதொரு பாடசாலை. அப்பாடத்தில் நமக்கும் வேலையுண்டு.

யான் பள்ளியாசிரியனாய் இருந்த காலத்தில் ஆந்தனி டிராலப் எழுதிய 'தி வார்டன்' என்னும் நாவலை வாசித்தேன். 1855ல் வெளிவந்த நூல் அது. காதலுண்டு, கண்ணீருண்டு, ஆயினும் கதையின் நடுநாயகம் ஒரு தருமச் சாசனம். ஏழைகளுக்கென்று எழுதிவைத்த சொத்தின் வருவாய் யாருக்குச் செல்கின்றது என்பதே கதை. இவ்வளவு வறண்ட பொருளை வைத்து ஒருவர் நாவல் எழுதுவானேன் என்று வியந்தேன். அவ்வியப்பே என்னை அக்காலத்து வழக்குகளிற் கொண்டுபோய் விட்டது.

வழக்குகளைப் படித்தபோது ஒன்று தெளிவாயிற்று. குருமார்மீது எழுந்த பழிகள் இருவகைப்படும். ஒருவகை, தானே கூவித் தன்னை ஊரறியச் செய்யும். மற்றொருவகை, வாய் திறவாமல் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்.

முதல்வகைக்கு இரண்டொரு சான்று காட்டுவேன். ஹென்றி ஜேம்ஸ் பிரின்ஸ் என்பார் ஸாமர்ஸெட் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் துணைக்குருவாய் இருந்தவர். பரிசுத்த ஆவி தம்மிடத்தே குடிகொண்டது என்று பிரசங்கித்தார். திருச்சபையின் மேலோர் அவரைத் தடுக்கவே, 1846ல் ஸ்பாக்ஸ்டன் என்னும் ஊரில் 'அன்பின் இல்லம்' எனப் பொருள்படும் அகப்பிமோனி என்ற மடத்தை நிறுவினார். செல்வப் பெண்டிர் சிலர் தம் பொருளுடன் அங்கே சென்று சேர்ந்தனர். அவருள் ஒருத்தி லூயிஸா நாட்டிட்ஜ். அவளுடைய உறவினர் அவளைக் கடத்திச் சென்று பைத்தியக்கார விடுதியில் அடைத்தனர். அவள் வெளிவந்து, 1849ல் அவர்கள்மீதே வழக்காடி வென்றாள். அவள் இறந்தபின் அவள் சகோதரர் பிரின்ஸ்மீது வழக்குத் தொடுத்து, அவள் கொடுத்திருந்த ஐயாயிரம் பவுனுக்கு மேற்பட்ட பொருளை 1860ல் மீட்டார். பத்திரிகைகளுக்கு இது நல்ல விருந்தாயிற்று.

இரண்டாமவர் ஜான் ஸெல்பி வாட்ஸன். இவர் குருப்பட்டம் பெற்றவர். கிரேக்க இலத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பண்டிதர். லண்டன் ஸ்டாக்வெல் பகுதியில் ஒரு பள்ளிக்கு 1844 முதல் தலைமையாசிரியர். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் உழைத்த அவரைப் பள்ளி 1870ல் விலக்கிற்று. மறு ஆண்டு அக்டோபரில் அவர் தம் மனைவியைக் கொன்றார். 1872ல் மரணதண்டனை விதிக்கப்பட்டுப் பின்னர் ஆயுள்தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 1884ல் சிறையிலேயே இறந்தார். அங்கி தரித்தவன் கொலைகாரனா என்று நாடே நடுங்கிற்று.

இத்தகைய வழக்குகளைக் கேட்டோர் இரண்டு கூறினர். ஒருசாரார், சமயமே பொய் என்றனர். மற்றொரு சாரார், கூடையில் ஒரு பழம் அழுகினால் மரத்தின்மேல் குற்றமா என்றனர். இரண்டாவது கூற்றில் நியாயமுண்டு. பல்லாயிரம் குருமார் உள்ள நாட்டில் ஒரு பித்தரும் ஒரு கொலைஞரும் தோன்றுவது எக்குலத்திலும் நிகழக்கூடியது. இவ்வகைப் பழி தனிமனிதனின் பழி. அதற்காக ஓர் ஏற்பாட்டையே குறைகூறுதல் தகாது.

ஆனால் ஏற்பாட்டையே குறைகூற வேண்டிய பழியும் இருந்தது. அதனை அறியவேண்டின் அக்காலத்துக் குருமாரின் வருமானம் எவ்வாறு வந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

ஓர் ஊர்த் தேவாலயத்திற்குக் குருவாக நியமனம் பெற்றவர்க்கு அவ்வூரின் குருமனையும் நிலமும் வருவாயும் ஆயுள் உரிமையாகும். அவரை விலக்குதல் எளிதன்று. விக்டோரியா பட்டமேறுவதற்கு முன்னர், பெட்போர்டு நாட்டு ஸட்டன் என்னும் ஊரில் எட்வர்டு டிராக்ஸ் ஃபிரீ என்ற குரு இருந்தார். வீட்டுப் பணிப்பெண்களிடம் பிள்ளைகளைப் பெற்றார்; ஆலயக் கூரையின் ஈயத் தகட்டைக் கழற்றி விற்றார்; கல்லறைத் தோட்டத்தில் பன்றிகளை மேயவிட்டார். அத்தகையவரை நீக்குவதற்கே பல ஆண்டு வழக்காட வேண்டியதாயிற்று. 1830ல் பதவி பறிபோன பின்னரும் குருமனையை உட்புறம் தாழிட்டுக்கொண்டு வெளிவர மறுத்தார். குருமாரின் ஒழுக்கக்கேட்டை விசாரிக்க 1840ல் ஒரு சட்டமும், அது போதாமையால் 1892ல் மற்றொரு சட்டமும் செய்யவேண்டி வந்தது.

குருவை நியமிக்கும் உரிமையோ பெரும்பாலும் நிலக்கிழார், கல்லூரி, பிஷப் முதலியோர் கையில் இருந்தது. அவ்வுரிமை வீடு வாசல்போல் விற்கவும் வாங்கவும் கூடிய சொத்து. இன்ன ஊர்க் குருப்பதவியின் உரிமை விலைக்குண்டு, இப்போதுள்ள குரு முதியவர் என்று பத்திரிகையில் விளம்பரம் செய்வர். முதியவர் என்பதன் கருத்து, விரைவில் இறப்பார் என்பதே. ஒருவரே பல ஊர்களுக்குக் குருவாக நியமனம் பெறுவதும் உண்டு. வருவாயைத் தாம் பெற்றுக்கொண்டு, சிறுசம்பளத்திற்கு ஏழைத் துணைக்குரு ஒருவரை அமர்த்தி வேலையை அவர்மீது சுமத்துவர். 1838ல் சட்டம் இதனைக் கட்டுப்படுத்திற்று. ஆனால் முன்னரே பதவி பெற்றவர்களின் உரிமையை அது தொடவில்லை.

இவ்வேற்பாட்டின் உள்ளே வளர்ந்ததுதான் வாய்திறவாப் பழி. அதன் உருவத்தைக் காண வின்செஸ்டர் நகருக்குச் செல்வோம்.

அந்நகரின் புறத்தே செயின்ட் கிராஸ் என்னும் தரும விடுதி உண்டு. 1130களில் வின்செஸ்டர் பிஷப் ஹென்றி ஆவ் பிளவா அதனை நிறுவினார். உழைக்கும் வலியற்ற ஏழை முதியோர் 13 பேருக்கு உறையுள், உணவு, உடை. அவர்களையன்றி வெளியிலிருந்து வரும் ஏழைகள் 100 பேருக்கு நாள்தோறும் சோறு. இதுவே நிறுவியவரின் நோக்கம். இதற்கென நிலபுலங்கள் எழுதிவைக்கப்பட்டன. விடுதியை நடத்த ஒரு தலைவர். அவர் குருவாய் இருப்பார். அவரை நியமிப்பவர் வின்செஸ்டர் பிஷப்.

நூற்றாண்டுகள் சென்றன. நிலத்தின் மதிப்பு ஏறிற்று. நூறு ஏழைகள் அமர்ந்துண்ட கூடத்திற்கு நூற்றுவர் கூடம் என்ற பெயர் நிலைத்தது; நாள்தோறும் நூற்றுவர் உண்ணும் வழக்கம் மறைந்தது. ஏறிய வருவாய் எங்கே சென்றது? அதனை விளக்க வேண்டும். ஏனெனில் களவுக்குரிய அடையாளம் ஒன்றும் அதில் இராது.

விடுதியின் நிலங்களை நீண்டகாலக் குத்தகைக்கு விடுவர். ஆண்டுதோறும் செலுத்தும் குத்தகைப் பணம் பழங்காலத்து அளவிலேயே, மிகச் சிறிதாக நிற்கும். அதுதான் விடுதியின் கணக்கில் ஏறும். குத்தகையைப் புதுப்பிக்கும்போது குத்தகைதாரர் பெருந்தொகை ஒன்றை மொத்தமாகச் செலுத்துவர். அத்தொகை அப்போதிருக்கும் தலைவரின் சொந்த வருமானமாகும். எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 300 பவுன் பெறுமான நிலத்தை 20 பவுனுக்கு விட்டுவிட்டு, அதற்கு ஈடாக ஆயிரத்துக்கு மேற்பட்ட பவுனை ஒரே கையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் புத்தகத்தில் 20 பவுன்தான் தோன்றும். ஏழைகளுக்கு அந்த 20 பவுனிலிருந்து தவறாது படியளக்கப்படும். எந்தத் தணிக்கையாளர் வந்தாலும் குறைகாண முடியாது. ஏழையின் வாய்க்குச் செல்லவேண்டிய மிகுதி, கணக்கின் வாயிலிலேயே நுழையாமற் போய்விடும்.

1696ல் அக்காலத்துத் தலைவரும் விடுதி முதியோரும் சேர்ந்து ஒரு பத்திரம் எழுதினர். விடுதியின் வழக்கங்களைத் தொகுத்துரைக்கும் பத்திரம் அது. முதியோர்க்குரிய படிகள் போக மிகுந்ததெல்லாம் தலைவருக்கே என்பது வழக்கம் என்று அதில் வரைந்தனர். பிற்காலத்துத் தலைவர்க்கெல்லாம் இதுவே வேதமாயிற்று. நிறுவியவரின் நோக்கம் என்னவென்று கேட்பாரில்லை. வழக்கம் என்னவென்று கேட்டால் பத்திரம் தயாராக இருந்தது.

1781 முதல் 1820 வரை வின்செஸ்டரில் பிஷப்பாய் இருந்தவர் பிரவுன்லோ நார்த். அமெரிக்கக் குடியேற்றங்கள் கைநழுவிய காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராயிருந்த நார்த் பிரபுவுக்கு மாற்றாந்தாய் மகனான தம்பி. அவர் தம் மகன் பிரான்ஸிஸ் நார்த்தை 1808ல் செயின்ட் கிராஸ் விடுதிக்குத் தலைவராக்கினார். அம்மகனுக்கு ஆல்ரெஸ்போர்டிலும் ஸௌதாம்ப்டனிலும் வளமான குருப்பதவிகளும் உண்டு. 1827ல் அவர் கில்போர்டுப் பிரபுவுமானார். ஏழை முதியோர் பதின்மூவரின் காவலர் என்னும் பதவியில் இப்பிரபு நாற்பதாண்டுக்கு மேல் இருந்தார். பாவம் என்று எவரும் கூறவில்லை. அவரும் அவ்வாறு எண்ணியிருக்கமாட்டார். தந்தை கொடுத்தார், முன்னோர் வழியிருந்தது, பத்திரம் இருந்தது, வேறென்ன வேண்டும்?

இனி, கென்ட் நாட்டு ராச்செஸ்டர் நகருக்கு வருவோம். அங்குள்ள பேராலயம் எட்டாம் ஹென்றி மன்னனால் புதிதாக அமைக்கப்பட்டபோது அதற்குச் சட்டதிட்டங்களும் வகுக்கப்பட்டன. பேராலயத் தலைவரான டீனுக்கு ஆண்டுக்கு 100 பவுன். அவர்க்குக் கீழுள்ள மூத்த குருமார் ஒவ்வொருவர்க்கும் 20 பவுன். பேராலயப் பள்ளியில் பயிலும் ஏழை மாணவர் 20 பேருக்குத் தலைக்கு 2 பவுன் 13 ஷில்லிங் 4 பென்ஸ். பல்கலைக்கழகத்தில் பயிலும் நால்வர்க்குத் தலைக்கு 5 பவுன். மூன்று நூற்றாண்டு கழிந்தது. டீனின் வருமானம் ஆயிரம் பவுனைத் தாண்டிற்று. மூத்த குருமாரின் வருமானம் பல நூறு பவுனாயிற்று. மாணவரின் உதவித்தொகையோ அந்த 2 பவுன் 13 ஷில்லிங் 4 பென்ஸிலேயே நின்றது. ஒரே நிலத்தின் ஒரே வருவாய். பெரியவர் பங்கு மரம்போல் வளர்ந்தது, சிறுவர் பங்கு கல்போல் கிடந்தது.

இதனைக் கண்டு பொறாதவர் அப்பள்ளியின் தலைமையாசிரியர் ராபர்ட் விஸ்டன். இவரும் திருச்சபையின் குருவே. சட்டதிட்டங்களை இலத்தீன் மூலத்திலேயே வாசித்தார். பேராலயத்தாருக்குக் கடிதங்கள் எழுதினார். பயனில்லை. 1849ல் பேராலயத் தருமங்கள் எவ்வாறு நிறைவேற்றப்படுகின்றன என்பது குறித்து ஒரு நூல் வெளியிட்டார். ராச்செஸ்டரோடு நில்லாமல் நாட்டின் பிற பேராலயங்களின் கணக்கையும் அதில் எடுத்துக்காட்டினார். நூல் வெளிவந்த சில வாரங்களில் அவர் வேலை போயிற்று. அவதூறு எழுதினார் என்பது குற்றச்சாட்டு. வழக்காடினார், பேராலயத்தின் மேற்பார்வையாளராகிய பிஷப்பிடமே முறையிடவேண்டும் என்று நீதிமன்றம் கூறிற்று. அவ்வழியும் சென்றார். 1852ல் பிஷப் தீர்ப்புக் கூறினார். 1853 தொடக்கத்தில் விஸ்டன் மீண்டும் பதவியேற்றார். இடைக்காலத்துச் சம்பளம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மாணவரின் உதவித்தொகை உயர்ந்தது. 1877 வரை அவரே அப்பள்ளியின் தலைமையாசிரியர்.

அந்த 1853 ஆகஸ்டு மாதத்திலேயே செயின்ட் கிராஸ் வழக்கிலும் தீர்ப்பு வந்தது. நீதிபதி ஸர் ஜான் ராமிலி, 1696ஆம் ஆண்டுப் பத்திரத்தை மிகக் கடுமையான சொற்களாற் கண்டித்தார். தருமத்தின் வருவாய் தருமத்திற்கே என்றார். கில்போர்டுப் பிரபு 1855ல் பதவியை விட்டார். அதே 1853ல் பார்லிமெண்டு தருமச் சொத்துகளைக் கண்காணிப்பதற்கு நிலையான ஆணையம் ஒன்றை அமைக்கச் சட்டம் இயற்றிற்று. இங்கிலாந்தில் எழுதிவைக்கப்பட்ட தருமங்கள் அதுமுதல் ஒரு மேற்பார்வைக்கு உட்பட்டன.

இவ்விரு வழக்குகளும் டிராலப் நாவலில் பெயரோடு சுட்டப்படுகின்றன. அவர் தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அலுவலாக ஸாலிஸ்பரி நகருக்குச் சென்றபோது, ஒரு கோடை மாலையில் அங்குள்ள பேராலயத்தைச் சுற்றி உலாவுகையில் இக்கதை உள்ளத்தில் உருவாயிற்று என்று தம் வரலாற்றில் கூறுகின்றார். ஆனால் அவர் கில்போர்டுப் பிரபுவைக் கதைத்தலைவராக்கவில்லை. ஹார்டிங் என்னும் நல்லவரை ஆக்கினார். ஹார்டிங் ஒரு முதியோர் விடுதியின் காவலர். ஆண்டுக்கு 800 பவுனும் ஒரு வீடும் பெறுகின்றார். விடுதியிலுள்ள முதியோர் பன்னிருவர்க்கு நாளொன்றுக்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ். அது போதாதென்று இரங்கித் தம் கைப்பொருளிலிருந்து மேலும் 2 பென்ஸ் கொடுக்கின்றார். முதியோரை அன்போடு பேணுகின்றார். அவர்களுக்கு இசை வாசித்துக் காட்டுகின்றார். இத்தகையவர்மீது ஒருநாள் பத்திரிகை பாய்கின்றது. ஏழையின் பணத்தைத் தின்னும் பாதிரி என்று நாடு ஏசுகின்றது. ஹார்டிங் துடிக்கின்றார். வழக்கில் தம் பக்கம் வெல்லும் என்று வக்கீல் உறுதி கூறியும் அவர் மனம் ஆறவில்லை. சட்டம் ஒப்பினும் நியாயம் ஒப்புமா என்று தம்மையே வினவிப் பதவியைத் துறக்கின்றார். முடிவென்ன? புதிய காவலர் நியமிக்கப்படவில்லை. ஆளுக்கு நூறு பவுன் கிடைக்கும் என்று நம்பிய முதியோர்க்கு ஒரு காசும் மிகுதியாகக் கிடைக்கவில்லை. அந்த 2 பென்ஸும் போயிற்று. அன்புடைய நண்பரும் போய்விட்டார்.

இதனைச் சீர்திருத்தத்திற்கு எதிரான கதை என்று சிலர் கொள்வர். யான் அவ்வாறு கொள்ளவில்லை. இரண்டு தீமைகளைக் கண்டு எழுதினேன் என்று டிராலப்பே கூறியுள்ளார்: தருமப் பணம் சோம்பிய குருமாரின் வருமானமாவது ஒன்று, அப்பணத்தைப் பெறும் தனிமனிதர்மீது பத்திரிகைகள் அளவிறந்த கடுமை காட்டுவது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும் கதையில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஹார்டிங் நல்லவர் என்பதனால் அந்த 800 பவுன் நியாயமாகிவிடவில்லை. நல்லவர் கையில் இருந்ததனாலேயே அநியாயம் இன்னும் நெடுநாள் மறைந்து கிடந்தது. கொடியவர் கையில் இருந்திருப்பின் முதியோர் முன்னரே முணுமுணுத்திருப்பர்.

இவ்வுண்மையை யான் நாவலில் மட்டும் காணவில்லை. எங்கள் ஊரில் ஒரு சங்கம். அதன் பெயர் வேண்டுவதில்லை. பிள்ளைகளற்ற வணிகர் ஒருவர் இரண்டு கடைவீடுகளை அதற்கு எழுதிவைத்து இறந்தார். அன்று வாடகை மாதம் 60 வெள்ளி. ஏழைப் பிள்ளைகள் ஐவர்க்குத் தலைக்குப் பத்து வெள்ளி. மிகுந்த பத்து வெள்ளி எழுதுவதற்கும் அலைவதற்கும் ஆகும் செலவுக்கு. ஆண்டுகள் சென்றன. கணக்குச் சரிபார்க்கும் குழுவில் என்னையும் ஒருவனாகச் சேர்த்தபோது வாடகை 1800 வெள்ளியாகியிருந்தது. பிள்ளைகள் ஐவரே, தலைக்குப் பத்து வெள்ளியே. எஞ்சிய 1750 வெள்ளியும் நிர்வாகச் செலவு என்ற ஒரே வரியில் அடங்கிற்று. செயலாளரின் படி, ஆண்டுவிழா விருந்து, மாலை, மேடை, அழைப்பிதழ். ஒவ்வொன்றிற்கும் ரசீது இருந்தது. ஒரு சல்லியும் தவறவில்லை.

செயலாளர் எல்லோராலும் மதிக்கப்பட்டவர். கண் மங்கிய பிள்ளைக்குத் தம் பணத்தில் கண்ணாடி வாங்கிக் கொடுப்பார். பள்ளிக்கு வாராத பையனை வீடு தேடிச் சென்று அழைத்து வருவார். அவரிடம் சாசனத்தைக் கேட்டேன். "வழக்கம் இதுதானே, ஐயா, எனக்கு முன்னிருந்தவரும் இப்படித்தான் செய்தார்" என்றார். அவர் சொன்னது பொய்யன்று. மூன்று ஆண்டுப் பொதுக்கூட்டங்களில் சாசனத்தை வாசிக்கவேண்டும் என்று கேட்டேன். முதலாண்டு நேரமில்லை. இரண்டாம் ஆண்டு அலமாரிச் சாவி இல்லை. மூன்றாம் ஆண்டு வாசித்தார்கள். வருவாய் முழுவதும் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு என்றும், இன்னின்ன தொகை என்பது அப்போதைய வாடகைக்கு ஏற்ற பிரிவு என்றும் தெளிவாக எழுதியிருந்தது. கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து, உதவி பெறும் சிறுமி ஒருத்தியின் தாய் எழுந்தார். "அப்படின்னா இத்தனை வருஷம் மிச்சப் பணம் எங்கேங்க போச்சு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அறியும் ஆவலால் கேட்டார். மண்டபத்தில் ஒருவரும் பேசவில்லை.

செயலாளர் மறுவாரமே விலகினார். அவர் நண்பர் சிலர் இன்றும் என்னைக் கண்டால் தெருவின் மறுபுறம் செல்கின்றனர். உதவி பெறும் பிள்ளைகள் இப்போது நாற்பதுக்கு மேல். கண்ணாடி வாங்கிக் கொடுக்கத்தான் ஒருவருமில்லை. டிராலப் கண்ட துயரம் அதுவே. அதனை யான் மறுக்கவில்லை. ஆயினும் ஒருவர் கண்ணாடியைத் தருமமாகக் கொடுத்ததையும், நாற்பது பிள்ளைகள் தமக்குரியதைப் பெறுவதையும் தராசில் வைத்தால், தட்டு எப்பக்கம் தாழும் என்பதில் எனக்கு ஐயமில்லை. அருளால் வருவது அருளுடையார் உள்ளளவும் வரும். உரிமையால் வருவது அவர் போனபின்னும் வரும்.

சிவன் சொத்து குலநாசம் என்பது நம் பழமொழி. தருமப் பொருளைத் தீண்டினால் வமிசமே அழியும் என்று முன்னோர் அச்சுறுத்தினர். அச்சம் காவலாகும் என்று அவர்கள் எண்ணினர். ஆனால் அச்சம் யாரைத் தடுக்கும்? தான் திருடுகிறோம் என்று அறிந்த திருடனைத் தடுக்கும். வழக்கப்படி வாங்குகிறோம் என்று நம்புகிறவரை அது தீண்டாது. கில்போர்டுப் பிரபுவும் ராச்செஸ்டர் டீனும் தெய்வபயம் அற்றவர் என்று யார் கூற முடியும்? திருச்சபையின் குருமார் அவர்கள். அவர்களிடம் பக்திக்குப் பஞ்சமில்லை. கேட்பார்தாம் இல்லை.

இங்கிலாந்து கண்ட மருந்து எளியது. சாசனத்தை எடுத்து வாசித்தனர். கணக்கை ஊரறிய வைத்தனர். கேட்பதற்கு உரிமையுள்ள ஓர் ஆணையத்தை ஏற்படுத்தினர். அம்மருந்தின் அளவு நம் கரைக்கும் பின்னர் வந்தது. 1905ல் நீரிணைக் குடியேற்ற அரசாங்கம் முகம்மதிய, இந்து அறக்கட்டளைகளை மேற்பார்வையிடச் சட்டம் இயற்றிற்று. அறத்தின் பெயரால் எழுதிய சொத்து எச்சமயத்தாருடையதாயினும் கணக்குக் காட்டவேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

சட்டம் மட்டும் போதாது என்பதற்கு விஸ்டனே சான்று. ராச்செஸ்டரில் சட்டதிட்டம் முந்நூறாண்டாக இருந்தது. அதனை இலத்தீனில் வாசிக்கவல்ல குருமார் பலர் இருந்தனர். வாசித்தவர்க்கெல்லாம் வருமானம் அதிலிருந்தே வந்தமையால் வாசித்ததை மறந்தனர். வேலை போனாலும் போகட்டும் என்று மறவாதிருந்தவர் ஒருவரே. திருச்சபையின் பழியைப் பேசுவோர் அவரையும் திருச்சபையின் கணக்கிலே வரவு வைத்தல் நியாயம். பழி செய்தோரும் பாதிரிமார். பழி துடைத்தவரும் பாதிரியார்.

செயின்ட் கிராஸ் விடுதியில் இன்றும் முதியோர் வாழ்கின்றனர். வழிப்போக்கர் வாயிலில் நின்று கேட்டால் ஒரு துண்டு ரொட்டியும் சிறிது பீரும் கொடுக்கும் பழைய வழக்கமும் அங்கே உண்டு. கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளாதவர்க்கு இல்லை. கோயிலாயினும் சங்கமாயினும் கல்விநிதியாயினும், நம்மூரில் தருமச் சொத்தின் நிழலில் வாழ்வோர் பலர். அச்சொத்தின் சாசனம் கடைசியாக எப்போது எல்லோர் முன்னும் வாசிக்கப்பட்டது என்று அடுத்த பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்கட்டும். பின்வரிசையில் இருப்பவராயினும் கேட்கலாம்.